அறுவைக்குப் பின் வரும் சன்னி

புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் படுக்கையருகே இரவு முழுதும் கண்விழித்திருந்தவர்கள் நேயர்களில் பலர் இருக்கக்கூடும். சிகிச்சை செவ்வனே முடிந்தது, கட்டி முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது என்று மருத்துவர் சொல்லிச் சென்றிருப்பார். முதல் நாள் நோயாளி நம்மை இனங்கண்டு இரண்டு வார்த்தை பேசியும் இருப்பார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பொழுது சாய்ந்தபின் அவர் வேறொருவராகிவிடுகிறார். சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்கிறார். என்றோ காலமாகிவிட்ட தமையனாரோடு பேசுகிறார். கையில் ஏற்றியிருக்கும் குழாயைப் பிடுங்க முனைகிறார். பெற்ற மகளைப் பார்த்து, நீ யாரம்மா என்று கேட்கிறார். விடிந்ததும் சற்றுத் தெளிவு பிறக்கிறது. மாலையில் அது மறுபடியும் மறைகிறது. நோய் மூளைக்கு ஏறிவிட்டதோ என்று வீட்டார் நடுங்குகின்றனர். இனி இவர் பழைய மனிதர் ஆகமாட்டார் என்று உறவினர் ஒருவர் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்நிலைக்கு நம் நாட்டில் வழங்கும் பெயர் சன்னி. காய்ச்சல் முற்றிப் பிதற்றுவதைச் சன்னி கண்டுவிட்டது என்று கிராமங்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். சந்நிபாதம் என்னும் வடசொல்லின் வழி வந்தது அது. வாதமும் பித்தமும் கபமும் ஒருசேரக் கெடுவது என்பது அதன் கருத்து. மேனாட்டார் இதனை டெலிரியம் என்பர். அச்சொல்லின் பிறப்பு உழுகுடி மக்களாகிய நமக்கு எளிதில் விளங்கக்கூடியது. லத்தீன் மொழியில் லீரா என்றால் ஏர் உழுத சால். சாலைவிட்டு ஏர் விலகி ஓடுவதே டெலிரியம். கிறிஸ்து பிறந்த முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ் இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார். அவருக்கும் நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஹிப்போகிரேட்டஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களில், நோயாளியின் கைகள் வெட்டவெளியில் எதையோ தேடுவதும், போர்வையின் நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதும் கெட்ட குறிகள் எனச் சொல்லப்பட்டிருக்கின்றன. இன்றைக்கும் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு முதியவர் அவ்வாறே போர்வையைப் பிடுங்கக் காணலாம்.

சன்னிக்குக் காரணங்கள் பல. காய்ச்சல், சீழ், ரத்தத்தில் உப்புக் குறைதல், நீர் வற்றுதல், சிறுநீர் கட்டுதல், தூக்கமின்மை, வலி ஆகிய யாவும் இதனைக் கொண்டுவர வல்லவை. நாள்தோறும் மது அருந்திப் பழகியவர் ஆஸ்பத்திரியில் திடீரென அதை நிறுத்தினாலும் வரும். இவற்றுள் ஒன்றன் வரலாற்றை மட்டும் இன்று பேச எடுத்துக்கொண்டோம். நோயாளியின் வலியைப் போக்கவும், அவரை உறங்கச் செய்யவும் அன்போடு கொடுக்கப்படும் மருந்தினாலேயே வருகின்ற சன்னி அது. புற்றுநோய் அறுவையின் வரலாறும் இச்சன்னியின் வரலாறும் ஒரே செடியின் நிழலில் தொடங்குகின்றன என்பது பலர் அறியாத செய்தி. அச்செடி ஊமத்தை.

ஊமத்தையை அறியாத தமிழர் இல்லை. குப்பைமேட்டில் முளைத்துச் சிவபெருமானின் சடையில் ஏறிய மலர் அது. அதன் பெயரே அதன் குணத்தைச் சொல்லிவிடுகிறது. உன்மத்தம், அதாவது பித்து, என்னும் சொல்லின் திரிபே ஊமத்தை. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-ஆம் ஆண்டில் அச்சிட்ட நூலில் இதனைப் பற்றி எழுதியிருக்கிறார். திருடர்கள் இதனை உணவில் கலந்து கொடுத்துவிட, உண்டவர் தம் பொருள் களவு போவதைப் பார்த்துக்கொண்டே சிரித்திருப்பார் என்பது அவர் தரும் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த நார்மன் செவர்ஸ் என்பாரின் சட்ட மருத்துவ நூலிலும், வழிப்போக்கருக்கு ஊமத்தை விதை கொடுத்துக் கொள்ளையிட்டோரைப் பற்றிய செய்திகள் நிரம்ப உண்டு. நாவறட்சி, விரிந்த கண்மணி, சிவந்த முகம், இல்லாதவரோடு பேச்சு, துணியைப் பிடுங்கும் கை ஆகியவை அவர்கள் கண்ட குறிகள்.

இந்த நஞ்சை ஒருவர் கருணையின் கருவியாக்கினார். அவர் பெயர் ஹனவோகா செய்ஷூ. 1760-ஆம் ஆண்டில் ஜப்பானின் கீ மாகாணத்தில் ஹிராயாமா என்னும் கிராமத்தில், மருத்துவக் குடும்பமொன்றில் பிறந்தவர். கியோட்டோ நகரில் சீன முறை மருத்துவத்தையும், டச்சுக்காரர் வழியாக ஜப்பானை எட்டியிருந்த ஐரோப்பிய ரண சிகிச்சையையும் பயின்று சொந்த ஊருக்குத் திரும்பினார். அக்காலத்தில் மார்பில் புற்று கண்ட பெண்ணுக்கு மருத்துவர் செய்யக்கூடியது ஏதுமில்லை. கத்தியை எடுத்தால் வலியே கொன்றுவிடும் என்னும் அச்சம் எங்கும் நிலவியது. பண்டைச் சீனத்தில் ஹுவா தோ என்னும் மருத்துவர் ஏதோ ஒரு பொடியை மதுவில் கலந்து கொடுத்து, நோயாளி உணர்விழந்த நிலையில் வயிற்றை அறுத்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அப்பொடி எது என்பது மறைந்து போயிற்று. அதனை மீண்டும் கண்டுபிடிப்பதே ஹனவோகா தமக்கு விதித்துக்கொண்ட பணி.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் உழைத்தார். ஊமத்தையை முதன்மையாகக் கொண்டு, வசநாவி இனத்து வேரும் வேறு சில மூலிகைகளும் சேர்த்து, கஷாயமாகக் குடிக்கத்தக்க ஒரு மருந்தை ஆக்கினார். ட்சூசென்ஸான் என்பது அதன் பெயர். முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பின்னர் மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டிய கட்டம் வந்தபோது, அவருடைய தாயும் மனைவி காயேயும் தாமே முன்வந்தனர் என்றும், அம்முயற்சியில் தாய் உயிர்நீத்தார், மனைவி கண்பார்வையை இழந்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சவாகோ அரியோஷி என்னும் எழுத்தாளர் 1966-ஆம் ஆண்டில் எழுதிய நாவல் இவ்விரு பெண்களையே தலைவியராகக் கொண்டது. கணவர் புகழ்பெற்ற கதையில் பார்வையிழந்த மனைவிக்கு இடம் கிடைக்க ஒரு பெண் எழுதவேண்டியிருந்தது என்பதை இங்கே குறித்துவைக்கிறோம்.

1804-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், அறுபது வயதான ஒரு பெண்மணியின் மார்பிலிருந்த புற்றுக்கட்டியை, அவர் ட்சூசென்ஸான் குடித்து உணர்விழந்திருக்கையில் ஹனவோகா அறுத்தெடுத்தார். ஆண்டும் நாளும் உறுதியாகத் தெரிகின்ற முழுமயக்க அறுவைகளில் உலகிலேயே முற்பட்டது இதுவே என்பர். அந்த மூதாட்டி சில மாதங்களே உயிரோடிருந்தார். ஆயினும் செய்தி பரவிற்று. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெண்கள் அக்கிராமத்தை நாடி வந்தனர். மார்பில் புற்று கண்டு அவரிடம் வந்தோரின் பெயர்ப்பட்டியலில் 150-க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

அம்மருந்து வேலை செய்த விதத்தைச் சற்று நின்று நோக்குவோம். குடித்தவுடன் உறக்கம் வராது. இரண்டு முதல் நான்கு மணி நேரம் கழித்தே உணர்வு ஒடுங்கும். மீண்டும் தெளிவதற்கு ஆறு மணி முதல் ஒரு முழு நாள் வரை ஆகும். உணர்வு போகும் வாயிலிலும் அது திரும்பும் வாயிலிலும் ஊமத்தை தன் இயல்பைக் காட்டாமல் இராது. வலியை அறியாதிருத்தல், நடந்ததை மறத்தல், உருவெளித் தோற்றங்களைக் கண்டு பிதற்றுதல் ஆகிய மூன்றும் அச்செடிக்குள் ஒரே மருந்துப் பொருளின் வேலைகளாக இருக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட அக்காலத்தில் வழியில்லை. பிற்கால மருந்துகளின் கதையும் பெரும்பாலும் இதுவே.

அதே காலத்தில் ஐரோப்பா எங்ஙனம் இருந்தது? 1811-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், பாரிஸ் நகரில், ஆங்கில நாவலாசிரியை ஃபானி பர்னியின் மார்பை நெப்போலியனின் படை மருத்துவர் லாரே அறுத்து நீக்கினார். அவருக்குக் கொடுக்கப்பட்டது சிறிது மதுபானம் மட்டுமே. முகத்தின்மேல் இட்ட மெல்லிய துணியின் வழியே கத்தியின் ஒளியை அவர் கண்டார். தம் சகோதரிக்கு அதை எழுதி முடிக்க அவருக்குப் பல மாதங்கள் பிடித்தன. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கவும் துணியவில்லை. அவர் 1840 வரை வாழ்ந்தார். ஒருத்தி யாவற்றையும் மறந்து உறங்கினாள். ஒருத்தி யாவற்றையும் நினைவில் சுமந்தாள். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், மயக்க மருந்தை மனிதகுலம் ஏன் இருகை நீட்டி வரவேற்றது என்பதும், அதன் தீங்குகளை ஏன் நெடுங்காலம் பாராமுகமாக விட்டது என்பதும் விளங்கும்.

மருந்து வருவதற்கு முன்னும் அறுவைக்குப் பின் சன்னி இருந்தது. பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டின் ஆம்ப்ரோய்ஸ் பாரே அதனை எழுதிவைத்தார். 1819-இல் டுப்பியூட்ரன் அதற்கு நரம்புச் சன்னி என்று பெயரிட்டு, அபின் கரைசலை ஆசனவாய் வழியாகச் செலுத்திக் குணப்படுத்த முயன்றார். வலியால் வந்த சன்னிக்கு அபின் நன்மை செய்திருக்கலாம். அளவு மிஞ்சிய அபினாலேயே சன்னி வரும் என்பதும் உண்மை. ஒரே பொருள் மருந்தாகவும் காரணமாகவும் நிற்கும் இச்சிக்கலிலிருந்து மருத்துவம் இன்றளவும் முற்றும் விடுபடவில்லை.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் பாஸ்டன் நகரில் மார்ட்டன் ஈதரை முகரச் செய்ய, வாரன் ஒரு வாலிபரின் கழுத்துக் கட்டியை அறுத்தார். அடுத்த ஆண்டே சிம்சன் குளோரோபாரத்தைக் கொண்டுவந்தார். இந்த வரலாற்றை நேயர்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதனை இங்கே விரிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1887-இல், லண்டன் மனநோய் மருத்துவர் ஜார்ஜ் சாவேஜ் எழுதிய சிறு கட்டுரை ஒன்றே நமக்கு வேண்டுவது. மயக்க மருந்து கொடுத்துச் செய்த அறுவைக்குப் பின் சித்தம் கலங்கிய நோயாளிகள் சிலரை அவர் அதில் விவரித்தார். சன்னியைத் தரவல்ல எந்தக் காரணமும் நீடித்த மனக்கோளாறாக மாறவும் கூடும் என்று எச்சரித்தார். அதைக் கேட்டவர் அதிகமில்லை.

இதற்கிடையே ஊமத்தை பின்வாசல் வழியாக மறுபடியும் அறுவைக்கூடத்துக்குள் புகுந்தது. ஈதரை முகர்ந்தவர்க்கு வாயிலும் தொண்டையிலும் நீர் பெருகி மூச்சை அடைக்கும். அதனை வற்றச் செய்ய அட்ரோபின், ஸ்கோபலமின் என்னும் மருந்துகளை முன்கூட்டியே ஊசியில் கொடுப்பது வழக்கமாயிற்று. ஊமத்தைக் குடும்பத்துச் செடிகளிலிருந்து பிரித்தெடுத்தவையே இவ்விரண்டும். செடியைக் கண்டால் நஞ்சு என்று விலகிப்போகும் நாம், அதன் சாரம் கண்ணாடிக் குப்பியில் வந்தபோது அடையாளம் காணவில்லை. ஈதர் போய்ப் புதிய மயக்க மருந்துகள் வந்தபின்னும் அவ்வழக்கம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

இம்மருந்துகள் மூளையில் என்ன செய்கின்றன? 1921-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி தவளையின் இதயத்தைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்தார். நரம்பு தன் செய்தியை ஒரு ரசாயனப் பொருளின் மூலம் அனுப்புகிறது என்பதை அது மெய்ப்பித்தது. அப்பொருள் அசிட்டைல்கோலின். 1936-இல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவும், புதியதை நினைவில் பதிக்கவும் மூளைக்கு இப்பொருள் தேவை. ஊமத்தையின் சாரம் இது சென்று சேரும் வாயில்களை அடைத்துவிடுகிறது. கடிதம் வருகிறது, வாங்குவாரில்லை. முதுமையில் இப்பொருளின் கையிருப்பே குறைவாதலால், இளைஞருக்கு நாவறட்சியோடு போகும் அளவு முதியவருக்குச் சன்னியைத் தருகிறது. இதனை மறுபக்கத்திலிருந்து காட்டிய நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 1864-இல் பிராகா நகரில் சிறைக்கைதிகள் சிலர் அட்ரோபின் கரைசலை மதுவென்று எண்ணிக் குடித்துவிட்டனர். கிளைன்வெக்டர் என்னும் மருத்துவர், ஆப்பிரிக்காவின் கலபார் அவரையின் சாற்றைக் கொடுத்து அந்நஞ்சை முறித்தார். அசிட்டைல்கோலின் அழியாமல் காப்பது அவரையின் குணம் என்பது பின்னரே தெரிந்தது.

அறுவைக்குப் பின் வலிக்குக் கொடுக்கும் மருந்துகளில் பெத்திடினைத் தனியே சொல்லவேண்டும். ஜெர்மனியில் 1930-களின் இறுதியில் ஐஸ்லெப் என்னும் ரசாயனியார் அதனை ஆக்கினார். அவர் தேடியது வலிமருந்தையே அன்று. தசையிழுப்பைத் தளர்த்துவதற்கு அட்ரோபினைப் போன்ற ஒன்றைத் தேடினார். அது வலியையும் போக்குகிறது என்பதை உடனிருந்த ஷௌமான் கண்டார். ஆகவே பெத்திடின் பிறப்பிலேயே ஊமத்தைக்குத் தூரத்து உறவு. உலகெங்கும் அறுவை வார்டுகளில் அது பல பத்தாண்டுகள் அரசோச்சியது. நம் நாட்டில் அதனோடு புரோமெதசின் என்னும் ஒவ்வாமை மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது பழகிப்போன முறை. அதுவும் அசிட்டைல்கோலினின் வாயிலை அடைப்பதே. பெத்திடின் உடலில் சிதையும்போது நார்பெத்திடின் என்னும் பொருள் உண்டாகிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு அது வெளியேறாமல் தேங்கி, கைகால் துள்ளலையும் மனக்கலக்கத்தையும், சிலருக்கு வலிப்பையும் தருகிறது. நியூயார்க் நகரின் மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் கைக்கோவும் அவருடைய குழுவினரும் புற்றுநோயாளிகளிடையே இதனை ஆராய்ந்து 1983-இல் வெளியிட்டனர். 1994-இல் பாஸ்டனில் மார்க்கன்டோனியோ குழுவினர் அறுவைக்குப் பின் சன்னி கண்டவரையும் காணாதவரையும் ஒப்பிட்டனர். பெத்திடின் பெற்றவர்க்கும், டயசிபாம் இனத்து உறக்க மருந்து பெற்றவர்க்கும் சன்னி வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது.

இதற்கு நெடுநாள் முன்பே ஒருவர் எச்சரித்திருந்தார். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு என்னும் மருத்துவர், அறுவைக்குப் பிறகு அப்பா பழையபடி இல்லை என்று பிள்ளைகள் அடிக்கடி சொல்வதைச் செவிசாய்த்துக் கேட்டார். மற்ற மருத்துவர்கள் முதுமை என்று தள்ளிவிட்ட பேச்சு அது. ஐம்பது வயதைக் கடந்து மயக்க மருந்துடன் அறுவை செய்துகொண்ட 1,193 பேரின் விவரங்களை அவர் சேகரித்து 1955-இல் வெளியிட்டார். முதியவருக்கு அறுவைக்குப் பின் மருந்துகளை வெறும் வழக்கம் பற்றிக் கொடுத்தல் கூடாது என்பது அவர் முடிவுகளுள் ஒன்று. 1959-இல் அமெரிக்காவில் எங்கலும் ரொமானோவும் மூளையின் மின் அலைகளைக் காட்டி, சன்னி என்பது மூளையின் தொழில் தளர்வு என்று எழுதினர். இதயம் தளர்வதுபோல, சிறுநீரகம் தளர்வதுபோல மூளையும் சில நாள் தளர்கிறது. காரணத்தை நீக்கினால் அலைகள் பழைய வேகத்துக்குத் திரும்புகின்றன. சித்தப்பிரமை என்று ஒதுக்கப்பட்டது உடல்நோயாக இடம் பெற்றது இவர்களால்தான் என்று நாம் கருதுகிறோம்.

சன்னி என்றால் கூச்சலும் ஆவேசமும் என்று நினைப்பது இயல்பு. கூச்சலே இல்லாத சன்னியும் உண்டு. நோயாளி பேசாமல் படுத்திருப்பார். கேட்டதற்கு வெகுநேரம் கழித்து மறுமொழி சொல்வார், அல்லது சொல்லமாட்டார். கரண்டியை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிடுவார். அமைதியாக ஓய்வெடுக்கிறார் என்று யாவரும் மகிழ்ந்திருப்பர். 1980-களில் லிபோவ்ஸ்கி என்னும் மருத்துவர் இவ்வகைகளைப் பிரித்துக் காட்டினார். முதியவரிடம் இந்த ஊமைச் சன்னியே மிகுதி; கண்டுபிடிக்கப்படாமல் போவதும் இதுவே.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இவ்விடத்தில் கருத்தூன்றவேண்டிய ஒன்று உண்டு. 1941-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பம்பாய் பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்ட காலந்தொட்டு, நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் புற்றுநோயாளிகள் பம்பாய்க்கு வந்துகொண்டிருக்கின்றனர். இன்று டில்லியிலும் கல்கத்தாவிலும் வேறு பல ஊர்களிலும் அத்தகைய மருத்துவமனைகள் இருக்கின்றன. சன்னி உண்டா இல்லையா என்பதைப் பேச்சைக் கொண்டே சோதிக்கின்றனர். 1990-இல் ஷாரன் இனோய் என்பார் வகுத்த முறை இன்று உலகெங்கும் வழங்குகிறது. கலக்கம் திடீரென வந்து ஏறி இறங்குகிறதா, கவனம் நிற்கிறதா, பேச்சு கோவையாக இருக்கிறதா, விழிப்பு நிலை எப்படி என்பவை அதில் பார்க்கப்படும். நம் வீட்டு மூதாட்டி முப்பது ஆண்டுகள் மாதுங்காவில் காய்கறி வாங்கிப் பழகிய மராத்தியும் இந்தியும் சன்னியில் முதலில் நழுவிவிடக்கூடும். மிஞ்சுவது பிறந்த ஊர்த் தமிழ். தமிழறியாத செவிலிக்கு அவர் சொல்வது கோவையாக இருக்கிறதா, பிதற்றலா என்று எவ்வாறு தெரியும்? மலையாளச் சகோதரி ஒருவர் அந்த வார்டில் வேலை பார்த்தால் அது நோயாளியின் பாக்கியம். மற்றபடி, இன்று அம்மா பேசுவது நேற்றைய பேச்சு அன்று என்பதை முதலில் உணரக்கூடியவர் பக்கத்திலிருக்கும் மகனோ மருமகளோதான். அதை அப்போதே மருத்துவரிடம் சொல்லவேண்டும். காலையில் தெளிந்துவிட்டாரே என்று விட்டுவிடலாகாது. காலையில் தெளிவதே இந்நோயின் அடையாளம்.

சொல்லும்போது சேர்த்துச் சொல்லவேண்டியவையும் உண்டு. ஊரிலிருந்து வருகையில் நோயாளி நாள்தோறும் எந்தெந்த மாத்திரைகளை உட்கொண்டு வந்தார், அவற்றுள் உறக்கத்துக்கு உள்ளது ஏதேனும் உண்டா, மது அருந்துவாரா என்பன அவை. வெட்கத்தால் இவற்றை மறைப்பவர் பலர். ஆண்டுக்கணக்கில் உண்ட உறக்க மாத்திரை திடீரென நின்றாலும் சன்னி வரும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்குகின்ற பழைய மருந்துகள் சிலவற்றில் ஊமத்தையின் குணம் உண்டு என்பதையும் மருத்துவருக்கு நினைவூட்டலாம். மருந்தைத் தாமாக நிறுத்தச் சொல்லவில்லை. வலிமருந்தை அடியோடு நிறுத்தினால் வலியே சன்னியைக் கொண்டுவரும். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பது மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது.

மருந்தைக் குறைப்பதோடு வேறு என்ன செய்யலாம் என்பதையும் அதே இனோய் ஆராய்ந்தார். எழுபதும் அதற்கு மேலும் வயதான 852 நோயாளிகளைக் கொண்டு நடந்த அவ்வாராய்ச்சியின் முடிவு 1999-இல் வெளிவந்தது. அங்கே கையாண்டவை மிக எளியன: மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் உடனே திருப்பிக் கொடுத்தல், போதிய நீர் அருந்தச் செய்தல், சீக்கிரம் எழுப்பி நடத்தல், இன்ன நாள் இன்ன இடம் என்று சொல்லிக்கொண்டிருத்தல், இரவில் மாத்திரைக்குப் பதிலாக வெதுவெதுப்பான பாலும் முதுகு தடவலும் இனிய இசையும். வழக்கமான முறையில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வந்த சன்னி, இம்முறையில் பத்துப் பேருக்கும் சற்றுக் குறைவாகவே வந்தது. அறுவைக்கு அனுப்புமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறவினர் பையில் போட்டுக்கொண்டு வீடு போய்விடுவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

சன்னியில் நடந்தது நோயாளிக்கு நினைவிராது என்று ஆறுதல் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. நியூயார்க்கில் பிரைட்பார்ட் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சன்னி தெளிந்த 101 புற்றுநோயாளிகளைக் கேட்டபோது 54 பேர் அந்நாட்களை நினைவுகூர்ந்தனர். பட்ட துன்பத்தை அளந்து சொல்லச் சொன்னபோது, நோயாளிகள் கொடுத்த எண்ணைவிட அருகிலிருந்த கணவன் அல்லது மனைவி கொடுத்த எண் பெரிதாக இருந்தது. தெளிந்தபின் அந்த இரவுகளைப் பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை. நோயாளிக்கு நாணம், மற்றவர்க்குத் தயக்கம். நினைவிருக்கிறதா என்று ஒருவர் மெல்லக் கேட்டால், அவர் சொல்லத் தொடங்குவார்.

ஹனவோகா 1835-இல் மறைந்தார். பார்வையிழந்த காயே அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். ஹிராயாமாவில் அவர் நோயாளிகளைப் பார்த்து மாணவர்க்குப் பாடம் சொன்ன இல்லத்தை இன்றும் காணலாம். மயக்க மருத்துவம் பயின்ற ஜப்பானிய மருத்துவர்களின் சங்கம் தன் சின்னத்தில் ஒரு மலரைப் பொறித்திருக்கிறது. அது ஊமத்தம்பூ.